கறிவேப்பிலைக்கு எந்த எரிபொருள்?

"…ஆனால் இவன் மட்டும் செத்தானெண்டால், நீங்கள் பூட்டிற அந்த மெஷினை நானே கழட்டி உங்கட வான் வண்டியில திருப்பி ஏத்திவிடுவன், சொல்லிப்போட்டன்," என்றாள் என் மனைவி.

சாப்பாட்டு மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் ஒரு ஜேர்மன் பெண்மணி. வீடுகளுக்கு வெப்பமூட்டும் கருவிகள் பூட்டுகிற தொழிலில் மைஸ்டர் பட்டம் வாங்கியவர். அதனால் எங்கள் வீட்டில் அவருக்கு மைஸ்டர் அம்மா என்று பெயர். அவருக்கு முன்னால் ஒப்பந்தத் தாள் கிடந்தது. பேனா என் கையில் இருந்தது. அவர் என்னைப் பார்த்தார். என் மனைவி என்னைவிட நன்றாக ஜேர்மன் பேசுவாள். ஆனால் நெஞ்சு கொதித்தால் அவளுக்குத் தமிழைத் தவிர வேறெதுவும் வராது. அந்த நேரங்களில் மொழிபெயர்ப்பது என் வேலை.

"உத்தரவாதம் எத்தனை வருடம் என்று கேட்கிறார்," என்றேன் ஜேர்மனில்.

"அதைக் கேட்கவா இவ்வளவு நேரம்?"

"எங்கள் மொழியில் மரியாதைச் சொற்கள் கொஞ்சம் கூட."

இவன் என்று என் மனைவி சொன்னது எங்கள் கறிவேப்பிலை மரத்தை. அவன் தெற்கு யன்னலோரம், நீலப் பீப்பாய் ஒன்றை அரைவாசியாக அறுத்துச் செய்த தொட்டியில், என்னைவிட ஒரு முழம் உயரமாக நின்றுகொண்டிருந்தான். பத்தொன்பது வருடத்துக்கு முன் பாரிசில் ஒரு தமிழ்க் கடையில் சுண்டுவிரல் உயரக் கன்றாக வாங்கி, ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுவந்தவள் என் மனைவி. எங்களுக்கு இரண்டு பெண்பிள்ளைகள். மூத்தவள் ஹனோவரில் வேலை, இளையவள் அங்கேயே படிப்பு. வீட்டில் மிஞ்சியிருக்கும் ஒரே பிள்ளை இவன்தான். "பிள்ளையள் வாரத்துக்கு ஒருக்கால் போன் எடுக்குங்கள். இவன் ஒருநாளும் என்னை விட்டிட்டுப் போகேல்லை," என்பாள். தொட்டியில் நிற்கிற மரம் எங்கே போவது என்று நான் ஒரு தடவை கேட்டேன். இரண்டு நாள் கறியில் உப்பு இல்லை.

டோர்ட்மண்டில் எங்கள் பக்கத்துத் தமிழ்க் கத்தோலிக்கர் பாதிப்பேரின் கறியில் விழுவது இவனுடைய இலைதான். ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசை முடிந்ததும் என் மனைவி தேவாலய மண்டபத்தில் சின்னச் சின்னப் பைகளில் இலை கொடுப்பாள். யாருக்கும் விலை கிடையாது. யாருக்கும் கன்றும் கிடையாது. "இலை ஊருக்கு, கன்று எனக்கு" என்பது அவள் சட்டம்.

முன்பெல்லாம் கோடையில் அவன் தோட்டத்தில் நிற்பான். குளிர் தொடங்கியதும் நிலவறையில், எங்கள் வாயில் கெல்லரில், கொதிகலன் இருக்கும் அறைக்கு இறங்குவான். அந்தக் கொதிகலன் எண்ணெயில் எரிவது. வீட்டோடு நாங்கள் வாங்கியது. வீட்டின் கீழ்த்தளத்தில் ஓடுகளுக்கு அடியில் குழாய் பதித்து, சுடுதண்ணீர் ஓடவிட்டு, தரையையே சூடாக்கும் ஏற்பாடு இருக்கிறது. பழைய சொந்தக்காரர் ஆசைப்பட்டுச் செய்தது. தரைக்கு வேண்டியது இளஞ்சூடான தண்ணீர் மட்டும்தான். கொதிகலனோ அதைப்போல இரண்டு மடங்கு கொதித்து, மிச்சச் சூட்டைத் தன் அறைக்குள்ளேயே விட்டுக்கொண்டிருக்கும். வெளியில் பனி கொட்டும்போது அந்த அறைக்குள் போனால் மன்னார் பங்குனி வெயில். கறிவேப்பிலைக்கு அதைவிட என்ன வேண்டும்? ஊதா வெளிச்சம் தருகிற ஒரு செடி விளக்கையும் மேலே கட்டிவிட்டாள் என் மனைவி. அவன் ஜேர்மனியில் இருப்பதே அவனுக்குத் தெரியாது.

வினை வந்தது அந்த ஒப்பந்தத்துக்கு மூன்று மாதம் முன், ஒக்டோபரில். கறுப்பு உடுப்போடு, புகைபோக்கி பார்க்கிறவர் வந்தார். வருடாவருடம் வருகிறவர். கொதிகலனின் புகையை அளந்தார், அதன் தகட்டில் உற்பத்தி வருடத்தைப் பார்த்தார், நாய்க்குட்டியைத் தட்டுவதுபோல அதைத் தட்டினார்.

"போதும், இது ஓய்வுக்குப் போகவேண்டும். வருகிற கோடைக்குள் மாற்றுங்கள். சட்டம்." அந்த மனிதர் எதைச் சொன்னாலும் கடைசியில் "அது அப்படித்தான்" என்று முடிப்பார். இந்தத் தடவையும் முடித்தார். எழுதிய தாளை என் மனைவியிடம் நீட்டினார்.

அவர் போன கையோடு என் அக்காவின் கணவர் வந்தார். நான் அவரை அத்தான் என்பேன், என் மனைவி அண்ணை என்பாள். அவருக்கும் ஒரு சொல் உண்டு: "எனக்கு அப்பவே தெரியும்." உலகத்தில் எது நடந்தாலும் அவருக்கு அப்பவே தெரியும்.

"எனக்கு அப்பவே தெரியும் தம்பி, உந்த எண்ணெய் ஒருநாள் கவுக்குமெண்டு. பேசாமல் காஸ் போடு. நான் போட்டிருக்கிறன், ஒரு கரைச்சல் இல்லை. சுவரில அலுமாரி மாதிரித் தொங்கும். ஒரு சத்தமில்லை, ஒரு மணமில்லை."

"ஒரு சூடில்லையோ?" என்று என் மனைவி கேட்டாள்.

"வீட்டுக்குள்ள சூடு தங்கச்சி. கெல்லரில என்னத்துக்குச் சூடு?"

"கெல்லரில ஆர் நிக்கிறது?"

அத்தான் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். அப்போதுதான் எங்கள் மூன்று பேருக்கும் விளங்கியது. இது எரிபொருள் தெரிவு செய்கிற விடயம் இல்லை. எந்த எரிபொருள் வந்தால் இவன் பிழைப்பான் என்கிற விடயம்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் மண்டபமே இதைத்தான் பேசியது. ஒருவர் மரத்தூளை அமத்திச் செய்த குட்டிக் குச்சித் துண்டுகள் எரிக்கிற கொதிகலன் வைத்திருந்தார். பெலட் என்பார்கள். "எரியிறது கண்ணுக்குத் தெரியவேணும் அண்ணை. தெரியாத சூட்டை நம்பி நித்திரை கொள்ள ஏலாது," என்றார். இன்னொருவர் வெளிக்காற்றில் இருந்து சூடு எடுக்கும் வெப்பப் பம்பி பூட்டியிருந்தார். அவரை எல்லாரும் வட்டிக்கு வாங்கிக் கெட்டவரைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். "வெளியில சைபர் டிகிரி. அதுக்குள்ள இருந்து சூடு எடுக்கிறாராம்," என்று அத்தான் என் காதில் சொன்னார். இலை வாங்க வரிசையில் நின்ற ஒரு அக்கா மட்டும் தெளிவாக இருந்தார். "என்னத்தையும் போடுங்கோ. இலை மட்டும் நிக்கக்கூடாது."

நான் பெலட் பக்கம் சாய்ந்தேன். "நெருப்பு இருந்தால்தானே அவனுக்குக் கதகதப்பு. பாவமெல்லே அவன்," என்றேன். என் மனைவி என்னைப் புதிதாகப் பார்த்தாள். அன்று இரவு எனக்கு நண்டுக்கறி.

உண்மையை இப்போது எழுதிவிடுகிறேன். எனக்கு ஒரு கதிரை இருக்கிறது. மண்ணிறத் தோல், சாய்ந்தால் சாயும், அதோடு கால் வைக்க ஒரு குட்டிக் கதிரையும் சேர்த்தி. அது முன்னறையில் தெற்கு யன்னலோரம் இருந்தது. நான் வேலை செய்வது மரக்கறி மொத்த வியாபார நிறுவனம் ஒன்றின் குளிரறையில். எட்டு மணித்தியாலம் கோவாவுக்கும் கரட்டுக்கும் இடையில் நின்றுவிட்டு வந்து, சப்பாத்தைக் கழற்றி, வெறுங்காலை அந்தச் சூட்டுத் தரையில் வைத்தால் ஒரு சுகம் கணுக்காலில் இருந்து மேலே ஏறும் பாருங்கள், அதற்காகத்தான் இந்த வீட்டை வாங்கினேன் என்று பிள்ளைகளுக்கே சொல்லியிருக்கிறேன். நிலவறை குளிர்ந்தால் மரம் மேலே வரும். மேலே வந்தால் அதற்கு வெளிச்சம் வேண்டும். வீட்டில் வெளிச்சமும் சூட்டுத் தரையும் சேர்ந்த இடம் ஒன்றே ஒன்றுதான். அதில் நான் இருந்தேன்.

நெருப்பின் பக்கம் நான் நின்றதற்குக் காரணம் அதுதான்.

மூன்று வாரம் கழித்துத்தான் மைஸ்டர் அம்மா வருவதற்கு நாளும் நேரமும், இங்கத்தைய சொல்லில் டெர்மின், கிடைத்தது. ஐம்பது வயதிருக்கும். குட்டை முடி, முழங்காலில் தோல் வைத்த காற்சட்டை. வீட்டுக்குள் வந்ததும் சொல்லாமலே சப்பாத்தைக் கழற்றினார். என் மனைவிக்கு அந்த நிமிடமே பிடித்துவிட்டது. முன்னறையில் வெறுங்காலோடு நாலு அடி நடந்து, "நல்ல தரை," என்றார். பிறகு அவரை நிலவறைக்குக் கூட்டிப்போனோம்.

கதவைத் திறந்ததும் அவர் நின்றுவிட்டார். உள்ளே ஊதா வெளிச்சம். வெக்கை. சுவரில் வெப்பமானி. மின்விளக்கை நேரத்துக்கு அணைக்கிற கருவி. குளிர்காற்று வராமல் கதவிடுக்கில் பழைய சேலை. நடுவில் கூரையைத் தொடும் பச்சை மரம், சுற்றிவர வேரில் இருந்து கிளம்பிய எட்டுப் பத்துக் கன்றுகள்.

மைஸ்டர் அம்மா தொண்டையைச் செருமினார். "பயப்பட ஒன்றுமில்லை," என்றார் மெதுவாக. "நான் எத்தனையோ நிலவறை பார்த்திருக்கிறேன். இப்போது சட்டமும் அனுமதிக்கிறது. ஆனால் ஒரு ஆளுக்கு மூன்று செடிதான்."

என் மனைவிக்கு அது அவமானமாகப் போய்விட்டது. "மூன்றா?" என்றாள் நல்ல ஜேர்மனில். "மூன்று செடியை வைத்து நான் என்ன செய்வது? எத்தனை குடும்பத்துக்குக் கொடுக்கிறேன் தெரியுமா? ஒவ்வொரு ஞாயிறும் தேவாலயத்தில் சின்னப் பையில் போட்டுக் கொடுக்கிறேன்."

"தேவாலயத்திலா?"

"பூசை முடிந்த பிறகுதான். பாதருக்குத் தனிப் பை. அவருக்கு இது இல்லாமல் சாப்பாடு இறங்காது."

அத்தான் பின்னால் நின்று உதவிக்கு வந்தார். "சின்னப் பிள்ளைகளுக்கும் கொடுப்போம். கண்ணுக்கு நல்லது. தலைமயிருக்கும் நல்லது," என்றார்.

மைஸ்டர் அம்மா ஒரு அடி பின்னால் வைத்தார். எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. இந்த நாட்டில் ஊதா விளக்கின் கீழ் நிலவறையில் மறைத்து வளர்க்கிற செடி எது என்று யோசித்துப் பார்த்தேன். "இல்லை, இல்லை, இது கஞ்சா இல்லை, குழம்புக்கு!" என்று கத்தினேன். என் மனைவி ஒரு இலையைக் கிள்ளி, கையில் கசக்கி, அவர் மூக்கடியில் பிடித்தாள். அவர் ஒருமுறை முகர்ந்தார். இன்னொருமுறை முகர்ந்தார். பிறகு கொதிகலன் மேல் கையை ஊன்றிக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

சிரித்து முடிந்ததும் வேலைக்கு வந்தார். அறையை அளந்தார். காஸ் போடலாம், ஆனால் புதிதாகப் போடுகிறவர்களுக்கு இப்போது நிபந்தனை அதிகம், அதோடு அது சூட்டை வெளியே விடாது என்றார். திரும்ப எண்ணெய் போடுவதை அவர் பேச்சுக்கும் எடுக்கவில்லை. பெலட் நெருப்புத்தான், ஆனால் குளிர்காலம் முழுவதற்கும் வேண்டிய பெலட்டைக் கொட்டிவைக்க ஒரு அறை வேண்டும். "அது இந்த அறைதான். மரம் நிற்கிற இடம் முழுக்கப் பெலட் இருக்கும்."

"அப்படியென்றால் மரத்தை மாடிப்படிக்குக் கீழே வைக்கலாமே," என்று நான் அவசரப்பட்டேன்.

என் மனைவி மெல்லத் திரும்பினாள். "படிக்குக் கீழயோ? பொட்டு வெளிச்சமில்லாத இடத்திலயோ? இவ்வளவு நாளும் பாவம் அவன், பாவம் அவன் எண்டது உதுக்கோ? உங்களுக்கு அவனில பாசமில்லை. உங்கட கதிரையிலதான் பாசம்."

"நீர் விசர்க்கதை கதையாதேயும்."

"நண்டை வீணாக்கிப்போட்டன்," என்றாள் அவள்.

மிஞ்சியது வெப்பப் பம்பி. கோடைக்குள் பூட்டலாம் என்றார் மைஸ்டர் அம்மா. வெளியே தோட்டத்தில் ஒரு பெட்டி நிற்கும், காற்றில் இருக்கிற சூட்டைப் பிழிந்து தண்ணீருக்குக் கொடுக்கும், கொதிக்கவைக்காது, இளஞ்சூடுதான் தரும் என்றார். சூடு தர அறைக்கு அறை இரும்பு ரேடியேற்றர் மட்டும் உள்ள வீடென்றால் யோசிக்கவேண்டும், தரைச்சூடு உள்ள வீட்டுக்கு அதைப்போலப் பொருத்தம் கிடையாது, மேல்மாடிக்கு மட்டும் கொஞ்சம் பெரிய ரேடியேற்றர் மாற்றினால் போதும் என்றார். அத்தானுக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. "குளிருக்குள்ள என்ன சூடு இருக்கும்?" என்று தமிழில் முணுமுணுத்தார்.

"பிரிட்ஜுக்குப் பின்பக்கம் கையை வைச்சுப் பாருங்கோ அண்ணை. உள்ளுக்க குளிர், பின்னுக்குச் சூடு. அதுதான் இது," என்றாள் என் மனைவி. கோபத்தோடு இருந்தாலும் அவளுக்குத்தான் முதலில் விளங்கியது. விளங்கியது வேறு, சம்மதித்தது வேறு. "அவனுக்கு என்ன நடக்கும்?" என்று மைஸ்டர் அம்மாவைக் கேட்டாள்.

"இந்த அறை குளிர்ந்துவிடும். மரம் மேலே வரவேண்டும். முடிவெடுக்க முதல் பழகிப் பாருங்கள்," என்று சொல்லி, பழைய கொதிகலனின் சூட்டைப் பம்பி தரக்கூடிய அளவுக்குக் குறைத்து வைத்தார். வீடும் மரமும் சில வாரம் அப்படி இருக்கட்டும், பிறகு பேசலாம் என்றார். போகும்போது அவர் சொன்ன வசனம் எங்கள் வீட்டில் இன்றைக்கும் புழங்குகிறது. "பொறுமையாக இருங்கள். தரைக்கு அவசரம் தெரியாது."

இவனை மேலே ஏற்ற நாலு பேர் தேவைப்பட்டார்கள். நிலவறைப் படி ஒடுக்கம். அத்தான் கீழே நின்று, "எனக்கு அப்பவே தெரியும், தொட்டி பெரிசு," என்று சொல்லிக்கொண்டு தாங்கினார். மேலே வந்ததும் அவனை எங்கே வைப்பது என்பது அடுத்த கேள்வி. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு என் கதிரைக்குப் பக்கத்தில் நின்றேன். ஆனால் என் மனைவி யன்னலைப் பார்க்கவே இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலால் முன்னறை முழுக்க ஓடு ஓடாகத் தடவி நடந்தாள். ஒரு இடத்தில் நின்றாள். திரும்ப மிதித்துப் பார்த்தாள்.

"இஞ்சை. இதுதான் வீட்டில நல்லாச் சுடுகிற இடம்," என்றாள்.

வருடக்கணக்காக வெறுங்காலோடு நடக்கிற காலுக்கு அது தவறுமா? அந்த இடத்தில்தான் தரைக்குப் போகிற குழாய்கள் எல்லாம் சுவருக்குள் இருந்து கட்டுக்கட்டாக வெளியே வந்தன. தொட்டியை நேராக அந்த ஓட்டின்மேல் வைத்தாள். தெர்மோஸ்டாற்றைக் கூட்டினாள். தொட்டியைச் சுற்றி, சூடு போகாமல், எங்கள் கலியாணக் கம்பளியையும் கட்டினாள். என் கதிரை பிழைத்தது.

எட்டாம் நாள் முதல் இலை மஞ்சளானது. பத்தாம் நாள் பிடி பிடியாகக் கொட்டத் தொடங்கியது. என் மனைவி காலையில் எழும்பியதும் கூட்டி அள்ளுவாள், ஒரு இலையும் குப்பைக்குப் போகாது. கொட்டினதை வறுத்து அரைத்துத் தூளாக்கிப் போத்தலில் அடைத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே அரைத்தாள். அந்தத் தூள் மிக நன்றாக இருந்தது என்பதை அப்போது சொல்ல எனக்குத் துணிவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இலைப் பை இல்லை. செய்தி பரவியது. ஆட்கள் ஆஸ்பத்திரிக்கு வருவதுபோல வந்தார்கள். சாயங்காலத்தில், பழப் பையோடு. ஒருவர் புளித்த மோர் ஊற்றச் சொன்னார், ஒருவர் அரிசி கழுவின தண்ணீர் என்றார். இலைக்கு வரிசையில் நின்ற அந்த அக்கா, போன வருடம் மடு மாதா கோயிலுக்குப் போனபோது கொண்டுவந்த மண்ணில் ஒரு சிட்டிகையைக் கடதாசியில் சுற்றிக் கொண்டுவந்து தந்தார். மடு மண் பாம்புக் கடிக்கே கேட்கும் என்பார்கள். என் மனைவி சிலுவை அடையாளம் போட்டு அதைத் தொட்டியில் கலந்தாள். பாதரும் வந்து பார்த்தார். மொட்டைக் கிளைகளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "வேர் உயிரோட இருக்குதோ?" என்று கேட்டார்.

அன்று மாலை என் மனைவி என் கதிரையின் கைப்பிடியில் வந்து இருந்தாள். என்னைப் பார்க்கவில்லை, மரத்தைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "இரண்டு பிள்ளையளும் போகேக்கை நான் அழேல்லை. கெல்லருக்குப் போய் இவனுக்குத் தண்ணி ஊத்தினன், அவ்வளவுதான். இப்ப எங்க போய் ஊத்துறது?" நான் அதுவரை எரிபொருளைப் பற்றியும் கதிரையைப் பற்றியும் மட்டும்தான் யோசித்திருந்தேன். அடுத்தநாள் குளிரறையில் நின்று, கையுறையைக் கழற்றி, மைஸ்டர் அம்மாவுக்கு நானே தொலைபேசி எடுத்தேன். "மரத்துக்கு வருத்தம்," என்றேன். வேறு டெர்மின்களுக்கு நடுவில் அன்று பின்னேரமே வந்தார்.

சப்பாத்தைக் கழற்றினார். கம்பளியை அவிழ்த்தார். முழங்காலில் இருந்து, தொட்டிக்கும் ஓட்டுக்கும் நடுவில் விரலை நுழைத்தார். உடனே இழுத்துக்கொண்டார்.

"நீங்கள் இவனுடைய காலைச் சூப்புக்குள் விட்டிருக்கிறீர்கள்," என்றார். "வீட்டின் சூடான இடத்தில் வைத்து, போர்வையும் போர்த்தி, வேரை அவிக்கிறீர்கள். இவனுக்கு உங்களைப்போல வெறுங்காலில் சூடு பிடிக்காது. தொட்டிக்குக் கீழே காற்று போகவேண்டும். உயரத்தில் வையுங்கள். வெளிச்சத்தில் வையுங்கள்."

உயரம் என்றதும் என் மனைவி வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். அவள் கண் என் காலடியில் வந்து நின்றது. என் கால் அந்தக் குட்டிக் கதிரையில் இருந்தது. நான் எடுத்தேன். வேறு என்ன செய்வது? வெளிச்சம் என்றதும் யன்னலைப் பார்த்தாள். "தற்காலிகமாத்தான்," என்று சொல்லி என் கதிரையை ஒரு முழம் தள்ளிவிட்டாள். இரண்டு நாள் கழித்துக் கிளை விரிய இடமில்லை என்று இன்னொரு முழம், அதுவும் தற்காலிகமாத்தான். கடைசியில் நான் தொலைக்காட்சியை ஒரு கண்ணாலும் சுவரை மறு கண்ணாலும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்கழி முழுவதும் ஒன்றும் நடக்கவில்லை. வெறும் கொம்பு. நத்தார்ப் பண்டிகைக்கு வந்த பெண்பிள்ளைகள் அவனில் ஒரு சின்ன விளக்குமாலை கட்டப் பார்த்தார்கள். தாய் விடவில்லை. "வருத்தக்காரனுக்குச் சோடனை என்னத்துக்கு?" தரைச்சூடு குறைத்து வைத்தும் வீடு கதகதப்பாகவே இருந்தது. அதை ஒருவரும் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. நான் மட்டும் வேலையால் வந்து சொல்லுவேன், "இஞ்சேரும், தரைக்கு அவசரம் தெரியாதாம்." அவள் "ம்" என்பாள்.

தை மாதம் இரண்டாம் கிழமை. நான் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தேன். முன்னறையில் இருந்து, "இஞ்சேருங்கோ!" என்று ஒரு சத்தம். விழுந்துவிட்டாளாக்கும் என்று ஒற்றைச் சப்பாத்தோடு ஓடினேன். அவள் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு தண்டுக்கு மிக அருகில் நின்றாள். அடிக்கொம்பில், அரிசி அளவில், செம்பச்சை நிறத்தில் ஒரு கொழுந்து. நாங்கள் இரண்டு பேரும் அதைத் தொடவில்லை. மூச்சுப் பட்டால் விழுந்துவிடுமோ என்று பின்னால் நகர்ந்து நின்று பார்த்தோம். ஒரு கிழமைக்குள் ஒன்பது இடத்தில் வெடித்தது. அத்தான் வந்து எண்ணிப் பார்த்து என்ன சொன்னார் என்று நான் எழுதத் தேவையில்லை.

அப்படித்தான் அந்த ஒப்பந்தத் தாள் மேசைக்கு வந்தது. எரிபொருள் என்ற கட்டத்தில் மைஸ்டர் அம்மா ஒன்றும் எழுதவில்லை, ஒரு கோடு போட்டிருந்தார். பம்பிக்கு எரிக்க ஒன்றும் வேண்டாம்தானே, மின்சாரமும் காற்றும் போதும். அத்தான் அந்தக் கோட்டை விரலால் தடவி, "வீட்டைச் சூடாக்கிறதாம், ஒண்டும் எரியாத ஹைசுங்," என்று பெருமூச்சு விட்டார். என் மனைவி கொழுந்துகளைப் பார்த்தாள், தாளைப் பார்த்தாள், மெஷினைக் கழற்றி வான் வண்டியில் ஏற்றுவேன் என்று சொன்னாள். நான் அதை உத்தரவாதம் என்று மொழிபெயர்த்தேன்.

மைஸ்டர் அம்மா நான் சொன்னதை நம்பவில்லை. மரத்தையே பார்த்துக்கொண்டு, "இவன் சாகமாட்டான் என்று சொல்லுங்கள்," என்றார். நான் சொல்லத் தேவையிருக்கவில்லை. என் மனைவி தலையை ஆட்டினாள். நான் கையெழுத்துப் போட்டேன்.

மைஸ்டர் அம்மா தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். சப்பாத்தை எடுக்கக் குனிந்தவர் நிமிர்ந்து முன்னறையை ஒருமுறை பார்த்தார். "ஒரு சின்ன விடயம்," என்றார். "பம்பி தருவது இளஞ்சூடு. தரையில் ஒரு துண்டும் மூடிக் கிடக்கக்கூடாது. அந்தத் தோல் கதிரைக்குக் கால் இல்லை, அப்படியே தரையில் படுத்துக் கிடக்கிறது. அதன் கீழே இருக்கிற சூடு மேலே வராது. மரத்தின் வெளிச்சத்தையும் அது மறைக்கிறது."

"என்னவாம் தம்பி?" என்று அத்தான் கேட்டார்.

"கதிரை நல்ல கதிரையாம்," என்றேன் நான்.

என் மனைவி பேனாவை என் கையில் இருந்து வாங்கி மூடி மேசையில் வைத்தாள். எழுந்துபோய், நிலவறைக் கதவைத் திறந்துவைத்துவிட்டு வந்து, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகி, என் கதிரையின் இரண்டு கைப்பிடியையும் பிடித்து, படியை நோக்கி இழுக்கத் தொடங்கினாள்.